பாதி விசாரணையில் ஒரு ராஜினாமா

2018 நவம்பர் 13 அன்று ஃபிளிப்கார்ட்டைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பின்னி பன்சல், குழுமத் தலைமைச் செயல் அதிகாரி பதவியிலிருந்து விலகினார். அந்த பெங்களூரு நிறுவனத்தின் பெரும்பங்கை வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு வாங்கியதும் அதே ஆண்டில்தான். விலகல் செய்தியோடு வால்மார்ட் வெளியிட்ட அறிக்கை, இம்மாதிரி அறிக்கைகளின் வழக்கத்தைவிடச் சற்று விரிவாகவே பேசியது. தனிப்பட்ட நடத்தை பற்றி அவர்மீது கடுமையான புகார் வந்தது, இரு நிறுவனங்களின் சார்பிலும் சுயேச்சையான விசாரணை நடந்தது, புகாரை உறுதிசெய்யும் சான்று கிடைக்கவில்லை, ஆனால் அந்தச் சூழலை அவர் கையாண்ட விதத்தில் வெளிப்படைத்தன்மை குறைவாக இருந்தது, எனவே விலகலை ஏற்றோம் என்றது அறிக்கை. பன்சல் புகாரைத் திட்டவட்டமாக மறுத்தார்.

இதே ஊரில் 16 ஆண்டுகளுக்கு முன்பு நடந்த விலகல் வேறு மாதிரி. 2002 ஜூலையில் இன்ஃபோசிஸின் உலகளாவிய விற்பனைத் தலைவரும் இயக்குநர் குழு உறுப்பினருமான பனீஷ் மூர்த்தி நிறுவனத்தைவிட்டு வெளியேறினார். அமெரிக்க அலுவலகத்தில் பணியாற்றிய பெண் ஒருவர் தொடுத்த பாலியல் துன்புறுத்தல் வழக்கு அப்போது கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. மறு ஆண்டு 30 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமாக முடிந்தது. சமரசம் குற்ற ஒப்புதல் ஆகாது. குற்றமற்றவர் என்ற சான்றும் ஆகாது. 2013 மே மாதம் ஐகேட் நிறுவனம், மூர்த்தி தனக்குக் கீழே வேலை பார்த்தவரோடு இருந்த உறவைத் தெரிவிக்கவில்லை என்று கூறி அவரைத் தலைமைப் பதவியிலிருந்து நீக்கியபோது, செய்தித்தாள்கள் 2002-க்குத் திரும்பிப் போயின. துன்புறுத்தல் என்ற குற்றச்சாட்டை அவர் அப்போதும் மறுத்தார். எடுத்துப் பார்க்க முதல் கதையின் முடிவு எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இரண்டு விலகல்களுக்கும் உள்ள வேறுபாடு நபர்களின் குணத்தில் இல்லை. ஒன்றில் விசாரணை முடிந்து, 'இது நிரூபணமாகவில்லை, இது தென்பட்டது' என்று நாலு வரி சொல்ல முடிந்தது. இன்னொன்றில் யாராலும் எதையும் சொல்ல முடியவில்லை.

பெரிய தலைகளின் கதை பத்திரிகைக்கு வந்துவிடும். வராத கதைகளே அதிகம். பெங்களூருவின் எலக்ட்ரானிக் சிட்டியில் நடுத்தர அளவு மென்பொருள் நிறுவனம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பயணப்படிக் கணக்கில் போலி பில் சேர்த்ததாக ஒரு டீம் லீடர்மீது புகார். விளக்கம் கேட்டு மெயில் போயாயிற்று, விசாரணை அதிகாரியும் நியமனமாகிவிட்டார். முதல் அமர்வுக்கு முந்தைய இரவு பதினொன்றரை மணிக்கு ராஜினாமா மெயில் வந்து விழுகிறது: 'சொந்தக் காரணங்களுக்காக.' காலையில் எச்.ஆர். மேலாளர் மேலிடத்தில் பேசுகிறார். "பேப்பர் போட்டுட்டான்ல? போகட்டும் விடுங்க, நமக்கு எதுக்கு வம்பு?" என்று பதில் வருகிறது. மூன்று மாத நோட்டீஸ் பீரியட் தள்ளுபடியாகிறது. லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு இரண்டே நாளில் ரிலீவிங் லெட்டர் கொடுக்கிறார்கள். எதிர்காலம் சிறக்க வாழ்த்தும் வழக்கமான வரியும் அதில் இருக்கும். விசாரணைக் கோப்பை யாரும் மூடுவதில்லை. அது அப்படியே கிடக்கும்.

இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் வசதி என்பதால்தான் இவ்வளவு பரவியிருக்கிறது. நிறுவனத்துக்குச் சாட்சிகளைக் கூட்டும் வேலையும் வழக்கறிஞர் கட்டணமும் மிச்சம், தொழிலாளர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியதில்லை. ஊழியருக்கோ சான்றிதழில் கறையில்லை. நஷ்டம் மூன்றாம் ஆளுக்கு. புகார் கொடுத்தவருக்குப் பதில் கிடையாது. அடுத்து வேலை கொடுக்கும் நிறுவனத்துக்கு எதுவும் தெரியாது. நஷ்டப்படுபவர் இன்னொருவரும் உண்டு, அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை: குற்றமே செய்யாமல், அவமானம் தாங்காமல் பேப்பர் போட்டவர். அவர்மீது விழுந்த சந்தேகத்தைத் துடைக்க வாய்ப்பிருந்த ஒரே இடம் அந்த விசாரணை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், 'முதலாளி யார்?' என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலாளி அரசாங்கம் என்றால், ராஜினாமா என்பது அனுமதி கேட்கும் விண்ணப்பம் போன்றது. அதிகாரி ஏற்றால்தான் அது நடைமுறைக்கு வரும். தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவர் ராஜினாமா கொடுத்தால் அதை ஏற்பது பொதுநலனுக்கு உகந்ததா என்று பார்க்க வேண்டும், சாதாரணமாக ஏற்கக் கூடாது என்று மத்திய அரசின் பணியாளர் துறை 1988 பிப்ரவரி 11 தேதியிட்ட குறிப்பாணையில் சொல்கிறது. மூன்று விலக்குகளையும் அதுவே தருகிறது. குற்றச்சாட்டு ஒழுக்கக்கேடு சம்பந்தப்பட்டதாக இல்லாதபோது ஏற்கலாம். பணிநீக்கம் வரை கொண்டுபோகும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லாதபோது ஏற்கலாம். மூன்றாவது எனக்குப் பிடித்த விலக்கு: நடவடிக்கை இழுத்துக்கொண்டே போய், ராஜினாமாவை ஏற்பதே கஜானாவுக்கு மலிவு என்று தோன்றும்போது ஏற்கலாம். தன் விசாரணைகள் எவ்வளவு நீளும் என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட அபூர்வமான இடம் இது.

தமிழ்நாட்டு அரசு ஊழியர் குடும்பங்களுக்கு இதன் இன்னொரு முகம் பழக்கமானது. '17பி' (பெருந்தண்டனைக்கான குற்றச்சாட்டு விதி) என்று சொன்னாலே வீட்டில் பேச்சு நின்றுவிடும். ஓய்வு பெறும் நாளன்று மாலையில் சஸ்பென்ஷன் உத்தரவைக் கையில் கொடுத்து, அடிப்படை விதி 56-இன் கீழ் ஓய்வு பெற விடாமல் நிறுத்திவைப்பது பல காலம் நடந்தது. அந்தப் பழக்கம் தவிர்க்கப்படும் என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அது வேரோடியிருந்தது.

ஏற்க மறுக்கும் அதிகாரம் எந்தத் திசையிலும் பாயும் என்பதற்கு 2019 நல்ல ஆண்டு. அந்த ஆகஸ்ட்டில் ஐ.ஏ.எஸ். அதிகாரி கண்ணன் கோபிநாதன் ராஜினாமா செய்தார். பதினாறு நாள் கழித்து, தட்சிண கன்னட மாவட்ட ஆட்சியராக இருந்த தமிழர் சசிகாந்த் செந்தில் ராஜினாமா செய்தார். செந்தில் 2024-இல் திருவள்ளூரிலிருந்து மக்களவைக்குப் போய்விட்டார். கோபிநாதனுக்கோ ராஜினாமாவுக்குப் பிறகு துறை விசாரணைக் குற்றச்சாட்டு வந்தது. 2020 ஏப்ரலில் வேலைக்குத் திரும்பச் சொல்லி உத்தரவும் வந்தது. கடிதம் ஏற்கப்படாமலே ஆண்டுகள் ஓடின. குற்றம் செய்தவர் நழுவாமல் இருக்கத் தந்த பூட்டை, பிடிக்காதவரை உள்ளே வைத்துப் பூட்டவும் பயன்படுத்தலாம்.

முதலாளி பொதுத்துறை வங்கி என்றால் விதி இன்னும் தெளிவு. பெங்களூருவில் தலைமையகம் கொண்ட கனரா வங்கி உள்ளிட்ட தேசியமயமான வங்கிகளின் அதிகாரிகளுக்கான 1979-ஆம் ஆண்டுப் பணி ஒழுங்குமுறைகளில் 20-ஆவது விதி, ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் உள்ள அதிகாரி எழுத்துமூல அனுமதியின்றி விலக முடியாது என்கிறது. நடவடிக்கைக்கு முன்போ நடுவிலோ கொடுத்த ராஜினாமா, ஏற்கப்பட்டாலொழிய செல்லாது. அதே அதிகாரி 60 வயதைத் தொட்டால் ஓய்வு பெற்றுவிடுவார், ஆனால் அவர் பணியில் இருப்பதாகவே கொண்டு விசாரணை முடியும்வரை தொடரும். ஆளை விட்டுவிட்டு விசாரணையை மட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்ற யோசனை இந்த விதிக்குள் இருக்கிறது. தனியார் துறை இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

'ஏற்பது' எந்த நொடியில் நடக்கிறது என்பதும் அற்ப விஷயமல்ல. பெங்களூருவின் பாரத் எர்த் மூவர்ஸ், ஊர் வழக்கில் பெமல், இதில் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அதன் அதிகாரி ஒருவர் 1993 ஜனவரி 4 அன்று ராஜினாமா கொடுத்தார். அன்றே ஏற்றார்கள். ஆனால் மிச்சமிருந்த தற்செயல் விடுப்பை எடுத்துக்கொள்ள அனுமதித்து, ஜனவரி 15 அன்று விடுவிப்பதாகச் சொன்னார்கள். ஜனவரி 8 அன்று அவர் மனம் மாறி ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார். 'அதுதான் ஏற்றாகிவிட்டதே' என்றது நிறுவனம். விடுவிக்கும் நாள்வரை முதலாளி-ஊழியர் உறவு நீடிக்கிறது, எனவே திரும்பப் பெற்றது செல்லும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தப் பதினொரு நாள் கணக்கை விசாரணைக்கும் பொருத்திப் பார்க்கலாம். விடுவிக்கும் நாள்வரை உறவு நீடிக்கிறது என்றால், அதுவரை விசாரிக்கும் உரிமையும் நீடிக்கிறது.

முதலாளி தனியார் என்றால் நிலைமை மாறுகிறது. ஒருவரை அவர் விருப்பத்துக்கு எதிராக வேலையில் வைத்திருக்க நீதிமன்றம் உத்தரவிடாது. தனிநபர் சேவை ஒப்பந்தத்தை அப்படி நிறைவேற்றித் தர 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்வுச் சட்டம் இடம் தருவதில்லை. கட்டாய உழைப்பைத் தடுக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆவது கூறு அதற்கும் மேலே நிற்கிறது. ஏர் இந்தியா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், ராஜினாமா செய்வது ஊழியரின் உரிமை என்று சொல்லிவிட்டு இரண்டு விலக்குகளை வைத்தது. பணி விதியோ நியமன நிபந்தனையோ தடுத்தால் அது ஒன்று. நிலுவையிலுள்ள அல்லது தொடங்கவிருக்கும் ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து தப்பிக்க ராஜினாமா செய்தால் அது இரண்டாவது. எச்.ஆர். துறையினர் இந்த இரண்டாவது விலக்கைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அவசரப்பட வேண்டாம். தடுக்கும் உரிமை இருப்பது வேறு, தடுத்து என்ன செய்வது என்பது வேறு. வர மறுக்கும் ஆளை எந்தத் தனியார் நிறுவனமும் நாற்காலியில் உட்காரவைக்க முடியாது. அதிகபட்சம் ரிலீவிங் லெட்டரை நிறுத்திவைக்கலாம். அது விசாரணை ஆகாது, அடம்பிடித்தல்தான்.

ஐசிஐசிஐ வங்கி காட்டிய வழி இதைவிடக் கூர்மையானது. அதன் தலைமைச் செயல் அதிகாரி சந்தா கோச்சர்மீதான புகார்களை விசாரிக்க 2018-இல் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா நியமிக்கப்பட்டார். அந்த அக்டோபர் 4 அன்று கோச்சர் முன்கூட்டியே ஓய்வு கேட்க, வங்கி ஏற்றுக்கொண்டது. கூடவே, விசாரணை பாதிக்கப்படாது, சில பலன்கள் அதன் முடிவைப் பொறுத்தே அமையும் என்றும் அறிவித்தது. 2019 ஜனவரி 30 அன்று விசாரணை அறிக்கையின் அடிப்படையில், அவர் விலகியதைத் 'தகுந்த காரணத்துக்கான பணிநீக்கம்' என்று கருதுவதாக வங்கி முடிவெடுத்தது. 2009 ஏப்ரல் முதல் 2018 மார்ச் வரை தந்த போனஸையும் திரும்பக் கேட்டது. அவர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தனியார் வங்கியோடு உள்ள பணி ஒப்பந்தத் தகராறு இது, ரிட் மனுவில் தீர்க்க இயலாது என்று 2020 மார்ச்சில் மனு தள்ளுபடியானது. அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. ஏற்ற ஓய்வைப் பின்தேதியிட்டுப் பணிநீக்கமாக மாற்றுவது சரியா என்பது பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் 'போகலாம், விசாரணை நிற்காது' என்று போகும் நாளிலேயே எழுதிக் கொடுத்தது மிகச் சரி. பெங்களூருவின் பெரும்பாலான ரிலீவிங் லெட்டர்களில் அந்த ஒரு வாக்கியம் இல்லை.

அந்த வாக்கியம் இல்லாவிட்டால் பணமும் கையைவிட்டுப் போகிறது. நிறுவனச் சொத்துக்கு நஷ்டம் விளைவித்தவரின், அல்லது ஒழுக்கக்கேடான குற்றம் புரிந்தவரின் பணிக்கொடையைப் பறிமுதல் செய்ய 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் தருகிறது. ஆனால் அதற்காகப் 'பணிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும்' என்பது நிபந்தனை. ஒழுக்கக்கேடு என்று முடிவுகட்டக் குற்றவியல் தண்டனை தேவையில்லை என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணிநீக்கமே இல்லாமல் வாழ்த்தி வழியனுப்பியவரிடம் அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பயனில்லை. வருங்கால வைப்பு நிதியில் எந்த நிலையிலும் கைவைக்க முடியாது. சம்பள பாக்கியை நிறுத்திவைத்துப் பேரம் பேசலாம் என்ற பழைய பழக்கத்துக்கும் இப்போது இடமில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் இரண்டு வேலை நாளில் ஊதியத்தைத் தீர்க்கச் சொல்கிறது. 'எஃப் அண்ட் எஃப் (இறுதிக் கணக்குத் தீர்வு) வர 45 நாள் ஆகும்' என்பதே பாடமாகிப்போன ஊரில் இது சிறிய விஷயமல்ல.

பாலியல் துன்புறுத்தல் புகார்களில் மட்டும் சட்டம் முன்கூட்டியே யோசித்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். அடுத்த 10 நாளில் அறிக்கை, அதிலிருந்து 60 நாளில் நிர்வாகத்தின் நடவடிக்கை. இழப்பீட்டை எதிராளியின் சம்பளத்தில் பிடிக்கலாம். அவர் வேலையைவிட்டுப் போயிருந்தால்? நேரடியாகச் செலுத்தச் சொல்லலாம். செலுத்தாவிட்டால் நிலவரி பாக்கிபோல் வசூலிக்க மாவட்ட அதிகாரிக்கு அனுப்பலாம். இது 13-ஆவது பிரிவில் பச்சையாக எழுதியிருக்கிறது. அதாவது ராஜினாமாவோடு எல்லாம் முடிந்தது என்று இந்தச் சட்டம் கருதவில்லை. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேறொரு துறையில் வேலை பார்ப்பவர்மீதான புகாரையும் புகார்தாரரின் அலுவலகக் குழு விசாரிக்கலாம் என்றது. முன்னாள் ஊழியர் பற்றிய தீர்ப்பல்ல அது. ஆனாலும் அதே அலுவலகத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவரை மட்டுமே குழு விசாரிக்க முடியும் என்ற வாதம் அதன்பின் நொண்டுகிறது. 'அவர்தான் போய்ட்டாரே மேடம், இனிமே என்ன?' என்று புகார்தாரரிடம் சொல்லும் குழுத் தலைவருக்குச் சட்டத்தின் துணை கிடையாது.

இத்தனைக்கும் அப்பால் பெங்களூருவுக்கென்றே ஓர் ஓட்டை உண்டு.

2025 நவம்பரில் தொழிலுறவுத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும்வரை, 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டப்படி ஒரு நிறுவனம் எது ஒழுங்கீனம், எப்படி விசாரிப்பது, என்ன தண்டனை என்பதையெல்லாம் எழுதி அரசிடம் சான்றுறுதி பெற வேண்டியிருந்தது. கர்நாடக அரசு தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு இதிலிருந்து நெடுங்காலமாக விலக்கு அளித்துவந்தது. 2014, 2019, 2024 என்று ஐந்தைந்து ஆண்டாக நீட்டித்தது. ஐ.டி. ஊழியர் சங்கமான கிட்டு இந்த விலக்கை எதிர்த்தது. விலக்கு இலவசமல்ல, நிபந்தனைகள் இருந்தன. உள்ளகக் குழு வேண்டும், குறைதீர்க்கும் குழு வேண்டும். கூடவே தற்காலிகப் பணிநீக்கம், பணிவிலக்கம், பணியை முடித்து அனுப்புதல், பதவியிறக்கம், பணிநீக்கம் முதலிய ஒழுங்கு நடவடிக்கைகளைத் துணைத் தொழிலாளர் ஆணையருக்கும், பன்னேர்கட்டா சாலையில் கார்மிக பவனத்தில் இருக்கும் ஆணையருக்கும் தெரிவிக்க வேண்டும். இந்தப் பட்டியலில் ராஜினாமா இல்லை. எனவே ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவரை அரசின் கண்ணுக்குத் தெரியாமல் வெளியே அனுப்ப எளிய வழி, அவரிடமிருந்து ஒரு ராஜினாமா மெயில் வாங்கிவிடுவது. பத்துப் பேரை நீக்கினால் பத்து அறிவிப்பு அனுப்ப வேண்டும். பத்துப் பேரும் 'சொந்தக் காரணங்களுக்காக' விலகினால் அனுப்ப ஒன்றுமில்லை.

வாங்குவது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். 2017 ஜூலையில் டெக் மகிந்திரா எச்.ஆர். அதிகாரி ஒருவர் ஊழியரிடம் பேசிய ஒலிப்பதிவு நாடெங்கும் பரவியது. மறுநாள் காலை 10 மணிக்குள் ராஜினாமா கொடு, இல்லாவிட்டால் நீக்கிவிடுவோம் என்பது அதன் சாரம். அது ஒழுங்கீன விவகாரமல்ல, செலவுக் குறைப்பு. நிறுவனத்தின் தலைவரும் தலைமைச் செயல் அதிகாரியும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். செலவுக் குறைப்பில் நடக்கும் இந்தப் பேரம், குற்றச்சாட்டு என்ற ஆயுதமும் கையில் இருக்கும்போது இன்னும் சுலபமாக நடக்கும். 'விசாரணைன்னு போனா உன் பேர் கெட்டுடும், பேப்பர் போட்டுட்டா க்ளீன் எக்ஸிட்' என்று மீட்டிங் அறையில் தோளில் கைபோட்டுச் சொன்னால், 26 வயதுப் பிள்ளை என்ன செய்யும்? வற்புறுத்தி வாங்கிய ராஜினாமாவை நீதிமன்றம் ரத்து செய்யலாம். ஆனால் வற்புறுத்தலை நிரூபிக்கும் பாரம் அந்தப் பிள்ளையின் தலையில். அறைக்குள் சாட்சியும் கிடையாது.

'க்ளீன் எக்ஸிட்' என்று ஒன்று உண்டா என்பதே சந்தேகம். அடுத்த நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்பு முகமையை அமர்த்தும். அது பழைய நிறுவனத்துக்கு ஒரு படிவம் அனுப்பும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, விலகிய காரணம் எல்லாம் கேட்டுவிட்டுக் கீழே இரண்டு கட்டங்கள் வைத்திருப்பார்கள்: ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருந்ததா? இவரை மீண்டும் வேலைக்கு எடுப்பீர்களா? வாழ்த்து மடலில் கையெழுத்துப் போட்ட அதே எச்.ஆர். துறை, இரண்டாவது கட்டத்தில் 'இல்லை' என்று டிக் அடித்து, காரணம் கேட்கும் இடத்தைக் காலியாக விட்டுவிடும். விசாரணை முடிந்திருந்தால் அங்கே எழுத ஒரு வரி இருந்திருக்கும். முடியாததால் அந்த 'இல்லை'யை மறுக்கவும் முடியாது, உறுதிப்படுத்தவும் முடியாது. தீர்ப்பே இல்லாத ஒரு தண்டனை ஆளோடு ஊர் ஊராகப் போகிறது.

அப்படியானால் என்னதான் செய்வது? என் கருத்தில் விடை நோட்டீஸ் பீரியடில் இருக்கிறது. ஐ.டி. நிறுவனங்களில் பெரும்பாலும் அது 60 அல்லது 90 நாள். வேறு வேலை கிடைத்தவரை அந்த 90 நாளும் வைத்துப் பிழிகிறார்கள். குற்றச்சாட்டு உள்ளவரை இரண்டே நாளில் விட்டுவிடுகிறார்கள். தலைகீழ் என்பது இதுதான். பாலியல் புகார் விசாரணைக்குச் சட்டம் தரும் கெடு 90 நாள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பும், தொழிலாளி ஒருவரைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்தால் அன்றிலிருந்து சாதாரணமாக 90 நாளில் விசாரணையை முடிக்கச் சொல்கிறது. அதுவரை பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தரப்பட வேண்டும், தாமதத்துக்கு அவர் காரணமல்ல என்றால் அதன்பின் முக்கால் சம்பளம். கையில் 90 நாள் நோட்டீஸ் இருக்கும்போது 'நேரமில்லை' என்று யாரும் சொல்ல முடியாது. போலி பில் விவகாரத்துக்கு 90 நாளும் வேண்டாம், மூன்று வாரம் போதும்.

ஆகவே இரவு பதினொன்றரை மெயிலுக்குக் காலையில் அனுப்ப வேண்டிய பதில் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: 'உங்கள் ராஜினாமா கிடைத்தது. இது பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை மட்டுமே. இன்ன தேதியிட்ட குற்றச்சாட்டுக் குறிப்பாணையின் மீதான விசாரணை தொடரும். இன்ன நாள், இன்ன நேரம் நேரிலோ காணொளியிலோ கலந்துகொண்டு உங்கள் தரப்பைச் சொல்லலாம். வராவிட்டால் உள்ள ஆவணங்களைக் கொண்டு விசாரணை முடிக்கப்பட்டு, முடிவின் நகல் உங்களுக்கு அனுப்பப்படும். நோட்டீஸ் காலம் முடியும் நாளில் நீங்கள் விடுவிக்கப்படுவீர்கள்.' கடைசி வாக்கியம் முக்கியம். அது இல்லாவிட்டால் மற்றவை மிரட்டலாகிவிடும். காலவரையின்றி நிறுத்திவைக்கும் உரிமையை நான் எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் தர மாட்டேன். நோட்டீஸ் காலத்துக்குள் நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டைச் சுமந்துகொண்டு ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

மெயில் பெட்டியையும் லேப்டாப்பையும் அன்றே பிரதியெடுத்து வைக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும். இருந்தும், திரும்பக் கொடுத்த லேப்டாப்பை மறுவாரமே துடைத்து அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு கையைப் பிசைவது இங்கே சகஜம். விசாரணை முடிவை அவர் வராத நிலையில் எழுதினாலும், சான்று என்ன, அதற்கு அவர் முன்பு சொன்ன விளக்கம் என்ன, ஏன் ஏற்கவில்லை என்பதை எழுத வேண்டும். வராததே ஒப்புதல் என்று எழுதும் அறிக்கை எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. ரிலீவிங் லெட்டரில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி இருந்தால் போதும். வாழ்த்தும் வேண்டாம், வசையும் வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்புப் படிவத்துக்கு, விசாரணையில் முடிவானதை மட்டும், முடிவான சொற்களிலேயே தரலாம். நல்லெண்ணத்தில் சொல்லும் உண்மைக்கு அவதூறுச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. நிறுவனங்கள் அஞ்ச வேண்டியது அரைகுறை வதந்திக்குத்தான். குற்றம் நிரூபணமாகவில்லை என்றால் அதையும் எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும். இதைச் செய்யும் நிறுவனங்கள் மிகக் குறைவு.

நியமனக் கடிதத்திலேயே இதற்கொரு ஷரத்து சேர்ப்பது நல்லது. ஒப்பந்தத்தில் நியாயமாக எழுதியதை நீதிமன்றம் மதிக்கும் என்பதற்கு, மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் ஷரத்தை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது சான்று. ஆனால் ஷரத்தை எழுதுபவர் நிறுவன வழக்கறிஞராகவே இருப்பார் என்பதால், எத்தனை நாளில் விசாரணையை முடிப்போம் என்ற வரியையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் ஊழியர்கள்தான்.

அரசின் வேலை இன்னும் சிறியது. புதிய தொகுப்பின் கீழ் கர்நாடகம் ஐ.டி. துறைக்கு எந்த ஏற்பாட்டைச் செய்தாலும், தொழிலாளர் ஆணையருக்கு அனுப்பும் பட்டியலில் ஒரு வரியைச் சேர்க்கலாம்: ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருக்கையில் பெறப்பட்ட ராஜினாமாக்கள் எத்தனை, அந்த விசாரணைகள் எப்படி முடிந்தன? பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். இந்த எண் ஒரு நிறுவனத்தில் வழக்கத்துக்கு மீறி உயர்ந்தால், ஒன்று அங்கே குற்றவாளிகள் நழுவுகிறார்கள், அல்லது வேண்டாதவர்கள் துரத்தப்படுகிறார்கள். இரண்டுமே கார்மிக பவனத்துக்குத் தெரிய வேண்டியவை.

இதைப் படிப்பவர்களில் யாராவது இப்போது அப்படியொரு மெயிலைத் தட்டி வைத்துவிட்டு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், அனுப்புமுன் மூன்றைச் செய்யுங்கள். குற்றச்சாட்டுக்கு எழுத்தில் பதில் கொடுத்துவிடுங்கள். விசாரணை முடிவின் நகல் வேண்டும் என்று அந்த மெயிலிலேயே கேளுங்கள். அலுவலக மெயில் முடங்கிய பிறகும் உங்களை எட்டும் முகவரி ஒன்றைத் தாருங்கள்.